வீட்டு விளம்பரத்தில் வர்ச்சுவல் டூரை முன்னிறுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ இணையத்தில் விளம்பரம் செய்யும் உரிமையாளர்கள், தரகர்கள், சிறு கட்டுமான நிறுவனத்தார் ஆகியோர் வர்ச்சுவல் டூர் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இப்பக்கத்தில் விடை தரப்பட்டுள்ளது. வீடு தேடுபவர்களுக்கான கேள்விகளும் இடையிடையே வருகின்றன. செலவழித்து டூர் எடுத்த பிறகு அதை யார் கண்ணிலும் படாத மூலையில் வைத்துவிடும் பழக்கம் பரவலாக இருப்பதால், அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கே அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

வர்ச்சுவல் டூரும் வீட்டு வீடியோவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. வீடியோவில், எடுத்தவர் காட்டியதை அவர் காட்டிய வரிசையில்தான் பார்க்க முடியும். அவர் வேகமாகக் கடந்துபோன குளியலறையைத் திரும்ப நின்று பார்க்க வழியில்லை. வர்ச்சுவல் டூரில் பார்ப்பவரே அறையின் நடுவில் நிற்பதுபோல் நின்று, மேலே கூரையையும் கீழே தரையையும் பின்னால் கதவையும் தன் விருப்பம்போல் திரும்பிப் பார்த்து, அடுத்த அறைக்குத் தானே நகர்கிறார்.

இதில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. முன்னும் பின்னும் லென்ஸ் உள்ள 360 பாகைக் கேமராவால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது முதல் வகை. செலவு குறைவு, பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். இரண்டாவது வகையில், மேட்டர்போர்ட் போன்ற கருவிகள் படத்தோடு தூரத்தையும் அளந்துகொள்வதால், வீடு முழுவதையும் கூரையில்லாத பொம்மை வீடுபோல் மேலிருந்து காட்டவும் தரைப்படம் தயாரிக்கவும் முடிகிறது. 2020-இல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் சில கைபேசிகளிலும் தூரம் அளக்கும் லைடார் உணரி இருக்கிறது. மூன்றாவது வகை, இன்னும் கட்டி முடிக்கப்படாத வீட்டைக் கணினியில் வரைந்து காட்டுவது. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்லப்பட்டிருக்கிறது; முதல் இரண்டோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நல்ல புகைப்படங்கள் இருபது இருக்கும்போது டூர் எதற்கு?

புகைப்படம் ஓர் அறை எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. அந்த அறைக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. நம் ஊரில் வீடு பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த வகையைச் சேர்ந்தவை. தலைவாசலில் நின்றால் படுக்கையறைக்குள் பார்வை போகிறதா, சாப்பிடும் இடத்துக்கு நேரெதிரே கழிவறைக் கதவு திறக்கிறதா, பூஜை அலமாரி எந்தச் சுவரில் இருக்கிறது, சமையலறையிலிருந்து துணி துவைக்கும் இடத்துக்கு நேராகப் போக முடியுமா என்றெல்லாம் கேட்பார்கள். இருபது படங்களை எப்படி அடுக்கினாலும் இவற்றுக்கு விடை கிடைக்காது. டூரில் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். தரைப்படத்தில் வடக்குத் திசையையும் குறித்துவிட்டால், வாஸ்து பார்ப்பவர்கள் தொலைபேசியில் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கும் அங்கேயே பதில் இருக்கும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அகலக் கோண லென்ஸில் எடுத்த படம் பத்தடி அறையைப் பதினான்கடி அறைபோல் காட்டும். அதை நம்பி தாம்பரத்திலிருந்து அண்ணா நகருக்குக் கைக்குழந்தையோடு வந்து, வாசலிலேயே முகம் வாடித் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ. அந்த அலைச்சலைக் குறைக்கும் என்பதுதான் டூரை முன்வைப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணம். வீடு பிடிக்காதவர் வராமலிருப்பது விற்பவருக்கும் நன்மையே. வருகிற ஐந்து பேரும் உண்மையிலேயே வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள்.

விளம்பரப் பக்கத்தில் டூரை எங்கே வைக்க வேண்டும்?

கைபேசியில் பக்கம் திறந்தவுடன், விரலால் மேலே தள்ளாமலேயே தெரியும் முதல் திரையில் வைக்க வேண்டும்.

அந்தத் திரையில் வழக்கமாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே முகப்புப் படம், அதற்குக் கீழே விலை, அடுத்து எத்தனை படுக்கையறை, எவ்வளவு சதுர அடி, எந்தப் பகுதி, பிறகு தொடர்புகொள்ளும் பொத்தான். வீடு தேடுபவர் இவற்றைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு பார்ப்பதா அடுத்த விளம்பரத்துக்குப் போவதா என்று சில நொடிகளில் முடிவு செய்கிறார். டூர் இருக்கும் செய்தி அந்த முடிவுக்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும். முகப்புப் படத்தின் மீதே, படத்தை மறைக்காத அளவில், "வீட்டைச் சுற்றிப் பாருங்கள்" என்று எழுத்தால் எழுதிய பொத்தானை வையுங்கள். வட்டத்துக்குள் அம்புக்குறி, 3டி கனசதுரம் போன்ற சின்னங்களை மட்டும் வைத்தால், பழக்கமில்லாதவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, அது என்னவென்று புரிவதில்லை.

அடிக்கடி காணும் மூன்று தவறான இடங்களையும் குறிப்பிட வேண்டும். விவரணைப் பத்தியின் கடைசி வரியில் ஒட்டப்பட்ட நீளமான இணைப்பு முதலாவது; பல தளங்களில் அதைத் தொட்டால் திறக்கவும் திறக்காது. படத்தொகுப்பின் இருபதாவது படத்துக்குப் பின்னால் வைப்பது இரண்டாவது. அவ்வளவு தூரம் யாரும் தள்ளிக்கொண்டு போவதில்லை. பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுத்த பிறகுதான் டூரைக் காட்டுவோம் என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதைத் தரகர்கள் பலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். ஆனால் எண்ணைக் கொடுத்தால் நாள் முழுவதும் அழைப்பு வரும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள் பேசாமல் வெளியேறிவிடுகிறார்கள். வீட்டைக் காட்டிவிட்டுப் பிறகு எண்ணைக் கேளுங்கள். அப்போது கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பார்.

பட்டியல் பக்கம், அதாவது பத்து இருபது வீடுகள் வரிசையாக வரும் தேடல் முடிவுப் பக்கம், இன்னும் முக்கியமானது. அங்கே சிறுபடத்தின் ஓரத்தில் "டூர் உண்டு" என்ற சிறு பட்டை இருக்க வேண்டும். தளம் உங்களுடையது என்றால், டூர் உள்ள வீடுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதியும் இருக்க வேண்டும். பிறர் தளத்தில் விளம்பரம் செய்பவர்கள், டூருக்கென்று தனிப் புலம் இருந்தால் அதில்தான் இணைப்பைத் தர வேண்டும். விவரணையில் எழுதினால் அந்தத் தளத்துக்கு உங்கள் வீட்டில் டூர் இருப்பதே தெரியாது.

முகப்புப் படத்தை எடுத்துவிட்டு அங்கே டூரையே ஓட விடலாமா?

வேண்டாம். டூர் கனமானது, அது இறங்கும் வரை வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமையில்லை. முதலில் ஒரு சாதாரணப் படம் வரட்டும், பொத்தானைத் தொட்ட பிறகு டூர் இறங்கத் தொடங்கட்டும். கைபேசி டேட்டாவில் பார்ப்பவருக்கும் அதுவே மரியாதை.

டூர் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்?

பலரும் ஹாலின் நடுவிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் வீட்டில் அழகான இடம் அதுதான். தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவின் அகலம், கேட், கார் நிறுத்துமிடம், அங்கிருந்து லிஃப்டுக்கு எத்தனை படிகள், லிஃப்டின் கதவு எவ்வளவு அகலம், மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா என்பவை வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியவை. முழங்கால் வலியுள்ள தாயோடு வசிப்பவருக்கு ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கை விட அந்த நான்கு படிகள்தான் பெரிய விஷயம். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் வாசலோடு திரும்பும் துன்பத்தை இந்த ஒரு படம் தவிர்த்துவிடும்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீடு பார்ப்பவர்கள் தெரு மட்டத்தை விடத் தரைத்தளம் எவ்வளவு உயரம் என்று கேட்காமல் இருப்பதில்லை. தெருவையும் வாசற்படியையும் ஒரே காட்சியில் காட்டும் ஒரு புள்ளி, அதாவது கேமராவை நிறுத்திப் படமெடுத்த ஓர் இடம், டூரில் இருந்தால், அந்தக் கேள்விக்கு வாய்மொழி உறுதி தேவைப்படாது. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் அறை, மீட்டர் பெட்டிகள் இருக்கும் இடம் ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்பு எப்படி இருக்கிறது என்பதை இவை ஒளிவுமறைவின்றிச் சொல்லும்.

படமெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேமரா நிற்கும் ஆளின் கண் உயரத்தில், ஏறத்தாழ ஐந்தடியில், எல்லா அறைகளிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உயரம் மாறினால் அறைக்கு அறை நடக்கும்போது தலை சுற்றுவதுபோல் இருக்கும். மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள், இந்தக் கேமராக்கள் வெளிச்சத்தைச் சமன் செய்யப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குவதால், சுழலும் விசிறி கூரையில் கறைபோல் பதியும். விளக்குகள் அனைத்தும் எரியட்டும். உச்சி வெயிலில் சன்னல்கள் வெள்ளைத் தாளாகத் தெரியும் என்பதால் காலையிலோ மாலை நான்கு மணிக்கு மேலோ எடுப்பது நல்லது.

அறைக்கு ஒரு புள்ளி என்று நிறுத்திவிடாமல் ஒவ்வொரு கதவுநிலையிலும் ஒரு புள்ளி எடுங்கள். ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது பார்ப்பவருக்குத் திசை தவறாமல் இருக்க அதுதான் உதவுகிறது. தொடக்கத்தில் திறந்து வைத்த கதவு கடைசிவரை திறந்தே இருக்கட்டும்.

வீட்டில் ஆட்கள் குடியிருக்கும்போது டூர் எடுக்கலாமா?

குடியிருப்பவரின் சம்மதம் பெற்று எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவரிடம் "நாளைக்குப் போட்டோ எடுக்க வருகிறார்கள்" என்று சொல்வது சம்மதம் பெறுவதாகாது. எடுப்பது 360 பாகைப் படம், அது யார் வேண்டுமானாலும் பார்க்கும் பக்கத்தில் வரப்போகிறது, எவ்வளவு காலம் இருக்கும் என்பதையெல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும்.

சாதாரணப் புகைப்படத்தில் வேண்டாததைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடலாம். 360 பாகைக் கேமராவுக்கு வெளியே என்று ஓர் இடமே இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் குழந்தையின் பள்ளி அடையாள அட்டை, சுவரில் தொங்கும் கல்யாணப் படம், மேசை மேல் கிடக்கும் ஆதார் நகல், மருந்துச் சீட்டு, பீரோவின் இடம், சாவிக்கொத்து தொங்கும் ஆணி என எல்லாமே பெரிதாக்கிப் படிக்கக்கூடிய தெளிவில் பதியும். எடுப்பதற்கு முன் இவற்றை அகற்றுங்கள். அகற்ற முடியாத முகங்களை மங்கலாக்குங்கள். பெண்கள் மட்டும் தங்கியிருக்கும் வீடுகளிலும் முதியவர்கள் தனியாக வசிக்கும் வீடுகளிலும் பூட்டின் வகை, பின்கதவு, வெளிச்சுவரின் உயரம் ஆகியவற்றைக் காட்டும் புள்ளிகளைப் பொதுப் பார்வையில் வைக்காமல், நேரில் பேசி உறுதியான பிறகு அனுப்புவதே சரி.

டூரைப் பார்த்து அறையின் அளவைக் கணிக்க முடியுமா?

தூரம் அளக்கும் கருவியால் எடுத்த டூராக இருந்தால் பல நேரங்களில் அளவுகோல் வசதியே இருக்கும். இல்லாவிட்டாலும் தரையைப் பாருங்கள். நம் வீடுகளில் மிகப் பரவலாகப் பதிக்கப்படும் விட்ரிஃபைடு டைல் 600 மில்லிமீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய இரண்டடி. படுக்கையறையில் ஒரு பக்கம் ஐந்து டைலும் மறுபக்கம் ஆறு டைலும் இருந்தால் அது பத்துக்குப் பன்னிரண்டு அறை. சுவரோரம் வெட்டிப் பதித்த துண்டு டைலை முழு டைலாக எண்ணிவிடாதீர்கள். புதிய வீடுகளில் நாலடிக்கு இரண்டடி டைல்களும் பதிக்கப்படுகின்றன; எந்த டைல் என்று ஐயம் வந்தால் கதவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கதவின் உயரம் பெரும்பாலும் ஏழடிதான் இருக்கும்.

லென்ஸ் எவ்வளவு ஏமாற்றினாலும் டைல்களின் எண்ணிக்கை மாறாது. உங்கள் கட்டில் ஆறடிக்கு ஆறரை அடி என்றால், அதைப் போட்ட பிறகு அலமாரிக் கதவைத் திறக்க இடம் இருக்குமா என்பதை வீட்டிலிருந்தபடியே கணக்கிட்டுவிடலாம்.

டூரின் பக்கத்தில் எந்தப் பரப்பளவைக் குறிப்பிட வேண்டும்?

கார்பெட் ஏரியாவைக் குறிப்பிட வேண்டும். ரெரா என்று அழைக்கப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்குத் தெளிவான வரையறை தருகிறது: வெளிச்சுவர்கள், சர்வீஸ் ஷாஃப்டுகள் (குழாய்களும் கம்பிகளும் போகும் செங்குத்து இடைவெளிகள்), அந்த வீட்டுக்குரிய பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். டூரில் ஒருவர் கண்ணால் நடந்து பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பரப்பைத்தான். மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றின் பங்கைச் சேர்த்த சூப்பர் பில்டப் ஏரியாவை மட்டும் பெரிதாக எழுதினால், கண் பார்ப்பதற்கும் எழுத்தில் இருப்பதற்கும் பொருந்தாமல் போய், வாங்குபவருக்கு மொத்த விளம்பரத்தின் மீதும் நம்பிக்கை குறையும். யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கையும் எழுதிவிடுவது நல்லது. மறுவிற்பனை ஃப்ளாட் வாங்குபவர் அதைக் கேட்காமல் விடமாட்டார்.

இன்னும் கட்டி முடிக்காத குடியிருப்புக்கு டூர் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அது கணினியில் வரைந்த காட்சி என்பதை டூரின் ஒவ்வொரு திரையிலும் எழுத வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருக்கும் அளவுகளையே வரைபவரிடம் கொடுக்க வேண்டும். சன்னலுக்கு வெளியே கடலையோ தோட்டத்தையோ வரைந்து வைப்பதும், அறைக்குப் பொருந்தும்படி சிறிதாக்கிய கட்டிலைப் போட்டுக் காட்டுவதும் வாங்குபவரை ஏமாற்றும் செயல்கள்தாம், இவற்றுக்கு வேறு பெயர் இல்லை.

சட்டமும் இதில் மென்மையாக இல்லை. எந்த ஊடகத்தில் வந்தாலும் விளம்பரம் விளம்பரமே என்பதால் டூரும் அதில் அடங்கும். விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்புக்கு ஆளானவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றும், அவர் விலக விரும்பினால் கட்டிய தொகை முழுவதையும் வட்டியோடு திருப்ப வேண்டும் என்றும் ரெராவின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு கட்டாயமான திட்டத்தை ரெரா ஆணையத்தில் பதிவு செய்வதற்கு முன் விளம்பரப்படுத்தவே கூடாது. நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவிலிருந்து விலக்கு உண்டு. பதிவு செய்த திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். டூரின் தொடக்கத் திரையிலேயே அவற்றைப் போட்டுவிடுங்கள்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். டூரை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்பலாமா?

அனுப்பக் கூடாது. பத்து வீடுகளை மூன்றாகக் குறைக்க டூர் உதவும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க யாராவது நேரில் போக வேண்டும். போர் தண்ணீர் உப்பா, மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, இரவில் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சத்தம் எவ்வளவு வருகிறது, சாக்கடை நாற்றம் உண்டா என்பவற்றை எந்தக் கேமராவும் காட்டாது. உங்கள் சித்தப்பாவோ நண்பரோ ஒருமுறை பகலிலும் ஒருமுறை இரவிலும் போய்ப் பார்க்கட்டும். அவர் அங்கிருந்து வீடியோ அழைப்பில் பேசும்போது நீங்கள் டூரைத் திறந்து வைத்துக்கொண்டு, டூரில் இருந்தது அங்கே இருக்கிறதா என்று அறை அறையாகச் சரிபாருங்கள்.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரங்கள், பட்டா, ஒப்புதல் வரைபடம், நிறைவுச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். ரெராவின் கீழ் வரும் திட்டங்களில், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கட்டுமான நிறுவனத்துக்கு உரிமை இல்லை. வாடகை வீடு தேடுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: வேறொருவரின் வீட்டுப் படங்களையும் டூர் இணைப்பையும் எடுத்துப் போட்டு, "இன்றே டோக்கன் அட்வான்ஸ் போட்டால்தான் வீடு" என்று அவசரப்படுத்தும் மோசடிகள் நடக்கின்றன. டூர் இருக்கிறது என்பது, அனுப்பியவர் உரிமையாளர் என்பதற்குச் சான்றாகாது.

கைபேசியைத் திருப்பினால் காட்சி திரும்பவில்லை, ஏன்?

ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல், அசைவு உணரியைப் பயன்படுத்த இணையப் பக்கம் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் விரலால் இழுத்துத்தான் பார்க்க முடியும். எனவே விரலால் இழுப்பதையே முதன்மை வழியாக வைத்து, அசைவு உணரியைக் கூடுதல் வசதியாகத் தாருங்கள். பேருந்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தானாகச் சுழலும் காட்சி தொந்தரவாகத்தான் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப எது நல்லது?

வீட்டு விஷயத்தில் முடிவெடுப்பவர் ஒருவரல்லர். மகன் சென்னையில் பார்ப்பார், அப்பா திருநெல்வேலியிலிருந்து சம்மதிக்க வேண்டும், மருமகள் சமையலறையைப் பார்க்க வேண்டும். எனவே விளம்பரப் பக்கத்தின் இணைப்போடு டூருக்கென்று தனி இணைப்பும் இருக்கட்டும். பல மென்பொருள்களில் குறிப்பிட்ட அறையிலேயே திறக்கும் இணைப்பையும் உருவாக்கலாம். "சமையலறையை இங்கே பாருங்கள்" என்று அனுப்பினால் பெரியவர்கள் தடுமாறாமல் நேரே அங்கே போய்விடுவார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, டூரில் உள்ள வரிசையிலேயே ஒவ்வோர் அறையின் அளவையும் கதவு சன்னல் திசைகளையும் எழுத்தில் தருவதும் அவசியம். திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது, எழுத்தைப் படிக்கும்.

எல்லா வீட்டுக்கும் டூர் தேவையா?

இல்லை. ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வாடகைப் பகுதிக்குக் கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோ போதும். அந்தச் செலவை வாடகையில் ஏற்றுவது நியாயமில்லை.

டூரை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

எடுத்த மாதத்தையும் ஆண்டையும் டூரிலேயே எழுதுங்கள். வண்ணம் மாற்றினாலோ, அலமாரிகளை அகற்றினாலோ, பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிச் சன்னல் வெளிச்சம் மறைந்தாலோ அந்தப் புள்ளிகளை மட்டுமாவது மறுபடி எடுத்து மாற்ற வேண்டும். பத்திரப் பதிவு முடிந்த அன்றோ வாடகைதாரர் குடிவந்த அன்றோ டூரை முழுவதும் நீக்கிவிடுங்கள். விளம்பரத்தை மட்டும் நீக்கினால் தனி இணைப்பு வழியாக டூர் திறந்துகொண்டே இருக்கும் என்பதால், டூரைச் சேமித்து வைத்திருக்கும் கணக்கிலும் போய் அதை அழிக்க வேண்டும்.